இரவு என்று எழுதிக் கொடுத்த மாத்திரை

மருந்துக்கடையில் கவுண்டருக்கு உள்ளே நிற்கிறவனுக்கு ஊரில் யார் யாருக்கு என்ன வியாதி என்பது அத்துப்படி. அவனுக்கு என்ன வியாதி என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

எண்பதுகளில் முதலில் விழுப்புரத்திலும் பிறகு திண்டிவனத்திலும் அப்படி நின்றவன் நான். டி.பார்ம் படித்துவிட்டு, மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, சின்னக் காகிதக் கவரில் போட்டு, அதன்மேல் காலை, மதியம், இரவு என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. நான் வெட்டிக் கொடுத்த ஆயிரம் வகை மாத்திரைகளில் ஒன்றை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. அதன் பெயர் அமிட்ரிப்டிலின். மனச்சோர்வுக்குக் கொடுப்பது. அந்த நாளில் மனச்சோர்வு என்று சொன்னால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்பதால் எல்லோரும் அதை நரம்பு மாத்திரை என்றுதான் சொல்வார்கள்.

இதைப் படிக்கிற உங்களில் சிலர் அந்த மாத்திரையையோ அதன் உறவுக்காரர்களையோ விழுங்கியிருப்பீர்கள். வெளியே மூச்சு விட்டிருக்க மாட்டீர்கள். நானும் ரொம்ப நாள் விடவில்லை. ஒரே மாத்திரையைத் தின்றவர்கள் என்ற உரிமையில் உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது பத்மாவதி அக்காவைப் பற்றி. திண்டிவனத்தில் என் முதலாளிக்கு அவர் உடன்பிறந்த அக்கா. சோற்றை விட்டுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உயிரையும் விட்டுக்கொண்டிருந்தவர். அவரிடம் வருவதற்கு முன்னால் வேறு இரண்டு மூன்று பேரைப் பார்த்துவிடலாம். அவர்களிடம் பட்டுத் தெரிந்துகொண்டது இல்லையென்றால், அக்கா விஷயத்தில் நான் செய்த முட்டாள்தனம் இன்னும் பெரியதாக இருந்திருக்கும்.

கவுண்டருக்கு உள்ளே ஒரு நோயாளி

விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இருந்த ஒரு கடையில் சேர்ந்தபோது எனக்கு இருபத்து நாலு வயது. கண்டமங்கலத்துப் பக்கம் சொந்த நிலம், கிணறு, எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த அப்பா அம்மா. காதல் தோல்வி கிடையாது. வீட்டில் யாரும் சாகவில்லை. ஆனாலும் ஒரு ஐப்பசியில் எனக்குள் எல்லாம் நின்றுபோனது. குளிப்பது மலையைப் புரட்டுகிற வேலையாகத் தெரிந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். அதற்குமேல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, இன்னொரு பகலை எப்படித் தள்ளுவது என்று கிடப்பேன். காரணம் இருந்தால் சொல்லி அழலாம். காரணமே இல்லாதவன் யாரிடம் போய் அழுவது?

கடையில் எனக்கு மூத்தவர் சேல்ஸ்மேன் ரஹீம் பாய். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனால் கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த மருந்து எந்தத் தட்டில் என்று சொல்லிவிடுவார். தலைவலி மாத்திரை கேட்டவருக்கு நான் இருமல் மருந்து எடுத்து வைத்த அன்றைக்கு அவர் என்னைத் திட்டவில்லை. வாராவாரம் வியாழக்கிழமை பாண்டிச்சேரியிலிருந்து விழுப்புரம் வந்து பார்க்கிற மனநல டாக்டரிடம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் அரை மணி நேரம் கேட்டுவிட்டு இந்த மாத்திரையை எழுதினார். முதல் இரண்டு மூன்று வாரம் பலன் ஒன்றும் தெரியாது, தொல்லைகள் மட்டும் உடனே வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். வாய் காயும், மலம் கட்டும், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், அதற்குப் பயந்து ஓடிவிடக் கூடாது என்றார். நான் தினமும் விற்கிற மாத்திரை இது. இதில் ஒன்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மூன்றாம் நாளே வாய் கேப்பை மாவை அள்ளிப் போட்டது போல ஆகிவிட்டது. ரஹீம் பாய் கவுண்டருக்கு அடியில் ஒரு கூஜா தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். கூஜா காலியானால் நிரப்புவார், அவ்வளவுதான். பத்தொன்பதாவது நாளோ இருபதாவது நாளோ, அட்டையை வெட்டிக்கொண்டே நான் ஏதோ ஒரு பாட்டை முனகியிருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. பாய் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு மாசமா கடைக்கு ஒரு பொணம் வந்து போய்க்கினு இருந்துச்சு. இன்னிக்குத்தான் சேகரு வந்திருக்கான்."

நடுவில் குதித்தது

உடம்பு சரியானதும் நமக்குப் புத்தி போய்விடும் இல்லையா? உங்களுக்கும் போயிருக்கும். நாலு மாதம் ஆனதும், நன்றாகத்தானே இருக்கிறேன், இனி எதற்கு என்று ஒரே நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டேன். மருந்து படித்தவன் செய்கிற காரியம். மூன்று நாள் குமட்டல், வியர்வை, பொட்டுத் தூக்கம் இல்லை, யாரைப் பார்த்தாலும் எரிச்சல். பழைய வியாதியே திரும்பிவிட்டது என்று நடுங்கிப்போய் அடுத்த வியாழக்கிழமை டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் சத்தம் போடவில்லை. மறுபடியும் எழுதிக் கொடுத்து, எந்த மாதம் எவ்வளவு குறைப்பது என்று ஒரு தாளில் கட்டம் போட்டார். பிறகு கேட்டார்: "மாடிக்கு ஒவ்வொரு படியா ஏறித்தானே வந்தீங்க? எறங்கும்போது மட்டும் ஏன் குதிக்கிறீங்க?"

நடு வரிசை

அமிட்ரிப்டிலினுக்கு இமிப்ரமின் என்று ஓர் அண்ணன் உண்டு. ஒரே குடும்பம், ஒரே குணம். அதைப் பெரியவர்களுக்கு மனச்சோர்வுக்கும், படுக்கையில் சிறுநீர் போகிற பிள்ளைகளுக்குக் கொஞ்ச காலத்துக்கும் கொடுப்பார்கள். ஒரு வாத்தியார் தன் பதினோரு வயது மகளுக்காக வாங்கிக்கொண்டு போனார். அடுத்த நாள் காலை கடை திறப்பதற்குள் வந்து நின்றார். பெட்டிக்குள் இருந்த துண்டுச்சீட்டை டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு முழுக்கப் படித்திருக்கிறார். என் பெண்ணுக்கு என்ன பைத்தியமா என்று கேட்டு, மாத்திரையைக் கவுண்டர்மேல் வீசினார்.

அவருக்கு நான் பொறுமையாகச் சொன்னேன். பெரியவர்களுக்குச் சிறுநீரை இழுத்துப் பிடித்துத் தொல்லை கொடுக்கிற அதே குணம்தான் குழந்தைக்கு இங்கே உதவியாகிறது. பைத்தியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதைவிட முக்கியமாக இன்னொன்றும் சொன்னேன். சர்க்கரைப் பூச்சு போட்ட சின்ன மாத்திரை, பார்த்தால் மிட்டாய் மாதிரி இருக்கும். வீட்டில் சின்னப் பிள்ளை யாராவது எடுத்து வாயில் போட்டால் உயிருக்கே ஆபத்து, பீரோவில் வைத்துப் பூட்டுங்கள் என்றேன். பைத்தியம் இல்லை என்றதைவிட இந்தப் பூட்டு விஷயம்தான் அவருக்கு என்மேல் நம்பிக்கையைக் கொடுத்தது என்று நினைக்கிறேன். வீசிய மாத்திரையைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார்.

அந்தப் பெண் அடுத்த வருஷம் ஹாஸ்டலில் சேர்ந்தாள். லீவுக்கு வந்தபோது அப்பாவோடு கடைக்கு வந்தாள். அப்பா இருமல் மருந்து பார்த்துக்கொண்டிருந்த சமயம், கவுண்டர் ஓரமாக வந்து எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அண்ணா, மொதல்ல கதவுகிட்ட தனியா பாய் போட்டுக்கினு இருந்தேன். இப்ப ரெண்டு பேருக்கு நடுவுல படுத்துக்கினு இருக்கேன்."

இரவல் மாத்திரை

நாலைந்து வருஷத்தில் நான் திண்டிவனத்துக்கு மாறிவிட்டேன். அங்கே வந்த முதல் கோடையில் நடந்தது இது. கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் டீக்கடை வைத்திருந்த ஒருவருக்கு விலாவில் அக்கி வந்து ஆறிய பிறகும் எரிச்சல் போகவில்லை. குயவரிடம் அக்கி எழுதியும் பார்த்தாயிற்று. சட்டை பட்டால்கூடத் துள்ளுவார். டாக்டர் இந்த மாத்திரையையே குறைந்த அளவில் கொடுத்தார். நரம்பு வலிக்கும் இது கேட்கும். ஒரு மாதத்தில் எரிச்சல் அடங்கி, மனிதர் ராத்திரி தூங்க ஆரம்பித்தார். நல்லது நடந்தால் நம் ஆட்கள் அதைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்ள மாட்டார்களே. கடைக்கு டீ குடிக்க வருகிற மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிற அறுபத்தைந்து வயது வியாபாரி ஒருவர் தூக்கம் வரவில்லை என்று புலம்பியதும், தன் கவரிலிருந்து நாலு எடுத்துக் கொடுத்துவிட்டார்.

வியாபாரிக்கு ஏற்கெனவே சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகிற கோளாறு. அந்த வயதில் பல ஆண்களுக்கு உள்ளதுதான். இரண்டாவது மாத்திரையோடு அந்தச் சொட்டும் நின்றது. ஒரு பகல் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுத்தான் எடுத்தார்கள். குணமாகி என் கடைக்கு வந்தவரிடம், அடுத்தவர் மாத்திரையைத் தொடக் கூடாது என்று நான் ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அவனுக்கு எரிச்சல மட்டும் நிறுத்துச்சு. எனக்கு எல்லாத்தையும் நிறுத்திட்டு, தூக்கத்த மட்டும் குடுக்காம வுட்டுடுச்சுபா."

ஐந்தரை மணிக் கேரியர்

இனி பத்மாவதி அக்கா. திண்டிவனத்தில் என் முதலாளியை ஊரே நயினார் என்றுதான் கூப்பிடும். செஞ்சிப் பக்கத்துப் பழைய சமணக் குடும்பம். அவர்கள் வீட்டில் சூரியன் மறைந்த பிறகு சாப்பாடு கிடையாது. சாயந்திரம் ஐந்தரை மணிக்கு வீட்டிலிருந்து டிபன் கேரியர் வரும். கவுண்டரில் எத்தனை பேர் நின்றாலும் நயினார் பின்கட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். ஆறு வருஷம் அந்தக் கேரியரைக் கையில் வாங்கி உள்ளே வைத்தவன் நான். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை.

அக்கா கணவரை இழந்து, பிள்ளைகளும் இல்லாமல், தம்பி வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர்கள் வழக்கப்படி அஷ்டமியிலும் சதுர்த்தசியிலும் உபவாசம் இருப்பார். பிறகு நடுவில் வேறு நாள்களும் சேர்ந்தன. பிறகு தினமும் ஒருவேளை ஆகாரம் என்றானது. ஆடி முடிவதற்குள் அதுவும் போய் அரை டம்ளர் கஞ்சியில் வந்து நின்றது. இப்படி ஒரு நோன்பை இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள் என்று உறவுக்காரர்கள் வந்து வணங்கிவிட்டுப் போனார்கள். நயினாருக்கும் பெருமைதான். வாடிக்கையாளர்களிடம்கூடச் சொல்வார்.

ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு அக்காவிடம் கொடுக்கச் சொல்லி ஒரு டானிக் பாட்டிலோடு என்னை வீட்டுக்கு அனுப்பினார். அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தலையில் எண்ணெய் இல்லை. தோத்திரப் புத்தகத்தின்மேல் தூசி. இரண்டு தெரு தள்ளி இருக்கிற கோயிலுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறதாம். இத்தனை கடுமையாக நோன்பு இருக்கிறவர் கோயிலை ஏன் விட்டார் என்று எனக்கு உறுத்தியது. எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்று கேட்டேன். மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும் என்றார். விடிந்தால் ஏன்தான் விடிந்ததோ என்று இருக்கும் என்றார். அந்த மூன்று மணி எனக்குத் தெரிந்த மூன்று மணி. பக்கத்தில் உட்கார்ந்து, நிஜமாகவே நோன்புதானா அக்கா என்று கேட்டேன். அக்கா சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "சாப்புடத் தோணலப்பா. நோன்புன்னு சொல்லிட்டா, சாப்புடு சாப்புடுன்னு யாரும் பேஜாரு பண்ண மாட்டாங்க."

வேலை போகும் என்று நினைத்தது

இதை நயினாரிடம் எப்படிச் சொல்வது? ஊரே வணங்குகிற நோன்பை வியாதி என்று கடையில் சம்பளத்துக்கு நிற்கிறவன் சொன்னால் கோபம் வராதா? இரண்டு நாள் சொல்லாமல் தள்ளிப் போட்டேன். அதற்குள் அக்கா கொல்லைப்புறத்தில் மயங்கி விழுந்துவிட்டார். அன்றைக்கு மதியம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சொல்லிவிட்டேன். இது உங்கள் மதத்தைப் பற்றிய பேச்சு இல்லை, வியாதியைப் பற்றிய பேச்சு என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்றார். வேறு வழி இல்லை. விழுப்புரத்தில் நான் இருந்த இருப்பையும், ஒரு வருஷத்துக்கு மேல் அந்த மாத்திரை சாப்பிட்டதையும் சொன்னேன். கல்யாணமான பிறகு என் மனைவியிடம்கூட அதுவரை சொன்னதில்லை.

நயினார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். நரம்பு மாத்திரை சாப்பிட்டவனை எந்த முதலாளி மருந்து கொடுக்க வைத்துக்கொள்வான் என்று நான் அதற்குள் பெட்டி படுக்கையெல்லாம் மனதில் கட்டிவிட்டேன். அவர் கடைசியில் சொன்ன வார்த்தைக்காக இந்த நிமிஷம்கூட அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது: "ஆறு வருஷமா உன் கையால மருந்து போய்க்கினு இருக்குது, ஒரு தப்பு வரல. உன்ன எழுப்பி உட்டாரே, அந்த டாக்டர்கிட்டயே போவலாம் வா."

முடிக்கிற நாள்

வியாழக்கிழமை மூன்று பேரும் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினோம். டாக்டர் எனக்குப் பார்த்தது போலவே நிதானமாகப் பார்த்தார். கண்ணில் அழுத்தம் இருக்கிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா, இதயக் கோளாறு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இதில் ஒன்று இருந்தாலும் இந்த மாத்திரையை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். இதயத்துக்குப் படமும் எடுத்துப் பார்த்த பிறகே எழுதினார். தினமும் படுக்கும்போது ஒன்று, போகப் போகக் கூட்டலாம்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு தடவைக்கு ஒரு வார மாத்திரைக்கு மேல் கொடுக்கக் கூடாது, வீட்டு ஆள்தான் தினமும் ஒன்று எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும் என்றார். இந்த மாத்திரைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சொன்ன அளவில் சாப்பிட்டால் ஆளைத் தூக்கி நிறுத்தும். சேர்த்து விழுங்கினால் இதயத்தையே குலைத்துவிடும். வாழப் பிடிக்காதவர்களின் கையில்தான் இதைக் கொடுக்கிறோம் என்பதால் எச்சரிக்கை இரண்டு மடங்கு வேண்டும். கிளம்பும்போது அக்கா, நான் நோன்புதானே இருக்கிறேன், இதெல்லாம் எதற்கு என்று மெதுவாகக் கேட்டார். டாக்டர் அவரைப் பார்த்து, என்றைக்கு நோன்பை முடிப்பதாக இருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். அக்கா தம்பியைப் பார்த்தார். டாக்டரே சொன்னார்: "நோன்புன்னா அத முடிக்கிற நாள்னு ஒண்ணு இருக்கும்மா. ஒங்களுதுக்கு அது இல்ல. அதனாலதான் மருந்து எழுதியிருக்கேன்."

வாய் காயவில்லை

வாரத்துக்கு ஏழு மாத்திரை வெட்டி, கவரில் போட்டு, இரவு என்று என் அழகான கையெழுத்தில் எழுதி, டாக்டர் சொன்னதையும் சொல்லி நயினாரிடம் கொடுத்தேன். முதல் வாரம் போனது. இரண்டாவது வாரம் போனது. மூன்றாவது வாரமும் போனது. அக்காவிடம் ஒரு மாற்றமும் இல்லை. கஞ்சி கால் டம்ளருக்கு வந்துவிட்டது. பாத்திரத்தைத் தூக்கக்கூடத் தெம்பு இல்லை. நயினார் தினமும் கடைக்கு வந்ததும் என் முகத்தைப் பார்ப்பார். வியாழக்கிழமை வந்தால் டாக்டர் அளவைக் கூட்டுவார். அது வரைக்கும் தாங்குவாரா என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் பயம்.

புதன்கிழமை வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவதென்று தெரியாமல், வாய் ரொம்பக் காய்கிறதா அக்கா, எனக்கு அப்படிக் காய்ந்தது என்றேன். இல்லையே, வாய் நன்றாகத்தானே இருக்கிறது என்றார். மலம் கட்டுகிறதா? இல்லை. எழுந்தால் தலை சுற்றுகிறதா? சாப்பிடாததால் சுற்றுகிறது, அது முன்பிருந்தே உண்டு. இந்த மாத்திரை உள்ளே போய் மூன்று வாரத்தில் நாக்கு ஈரமாக இருக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. மாத்திரையைக் காட்டுங்கள் என்றேன். அக்கா மறைக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பழைய பவுடர் டப்பாவை எடுத்துவந்து திறந்தார். மூன்று கவர். மூன்றிலும் ஏழு ஏழாக அத்தனையும் இருந்தன.

அக்கா அதட்டாமல் சொன்னார். நீ இரவு என்று எழுதியிருக்கிறாய், கணவர் போன நாளிலிருந்து பொழுது சாய்ந்தால் நான் தண்ணீரும் தொடுவதில்லை, மருந்துக்கும்கூட இல்லை என்று விரதம் எடுத்திருக்கிறேன் என்றார். தம்பி ஆசையாக வாங்கி வந்ததை வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை, அதனால் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றார். நயினாரோ, மருந்துக்கு நோன்பில் விலக்கு உண்டு என்று நினைத்தவர், பெரியவளுக்கு ஒன்று ஒன்றாக எடுத்துக் கொடுத்துக் காவல் காப்பது மரியாதை இல்லை என்று கவரோடு கொடுத்துவிட்டிருக்கிறார். அவர் செய்தது பாசத்தில். நான் செய்தது எதில் என்று எனக்கே தெரியவில்லை. ஆறு வருஷம் ஐந்தரை மணிக் கேரியரை வாங்கி வைத்தவன் அந்த வீட்டுக்கு இரவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

டப்பாவைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறு ஒரு பயம் வந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்தாலும் கேட்டேன். இதை எல்லாம் ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று எப்போதாவது தோன்றியதா அக்கா? அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "ரெண்டு நாளு தோணிச்சு. எறும்ப மிதிக்கக் கூடாதுன்னு பாத்துப் பாத்து நடக்கிறோம். நானும் ஒரு ஜீவன்தானேன்னு மூடி வெச்சுட்டன்."

பொழுது சாய்வதற்குள்

டப்பாவைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நயினாரிடம் சொன்னபோது, இனி நானே கையில் கொடுக்கிறேன் என்றார். மறுநாள் நான் மட்டும் விழுப்புரம் போய் டாக்டரிடம் என் தப்பை ஒப்புக்கொண்டேன். இரவில்தான் சாப்பிட வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை, தூக்கம் வரும் என்பதால் அப்படி எழுதுகிறோம், சாயந்திரம் ஐந்து மணிக்கு ஆகாரத்தோடு கொடுங்கள், ஏழு மணிக்கே தூங்கிவிட்டால் தூங்கட்டும் என்றார். முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். சாப்பிடாத மாத்திரைக்கு அளவைக் கூட்டியிருந்தால் அந்த டப்பாவில் இன்னும் கூடுதலாகச் சேர்ந்திருக்கும் என்று அவரே சொன்னார்.

அன்று முதல் சாயந்திரம் ஐந்து மணிக்கு நயினாரே கடையை விட்டு வீட்டுக்குப் போய், ஒரு மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் கையில் கொடுத்துவிட்டு வருவார். ஐந்தாம் நாள் அக்கா என்னை வரச் சொல்லி ஆள் விட்டார். போனால் சண்டை. நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்கிறது, பொழுது சாய்ந்துவிட்டதால் தண்ணீரும் குடிக்க முடியவில்லை, என்ன மாத்திரை இது என்றார். எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்துவிட்டது. கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் எனக்குக் கூஜா இருந்தது, அக்காவுக்கு விரதம் இருந்தது. பகலில் நிறையத் தண்ணீர் குடியுங்கள், மாத்திரைக்கு முன்னால் ஒரு நெல்லிக்காயைக் கடியுங்கள், எழும்போது படுக்கையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அக்காவுக்குக் கோபம் தணியவில்லை. "நீ சிரி. நான் எப்படா விடியும், ஒரு வாய் தண்ணி குடிக்கலாம்னு கெழக்கையே பாத்துக்கினு கெடக்கிறேன்."

உப்பு

விடியலுக்காகக் காத்திருக்கிறேன் என்று அவர் வாயால் சொன்னதை நான் ஓடிப்போய் நயினாரிடம் சொன்னேன். ஆனால் மாத்திரை தன் பாட்டுக்கு மெதுவாகத்தான் வேலை செய்தது. முதலில் மூன்று மணி விழிப்பு நாலரைக்குப் போனது. பிறகு தலையில் எண்ணெய் ஏறியது. பிறகு ஒரு நாள் கோயிலுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். கஞ்சி அரை டம்ளர் ஆனது, ஒரு டம்ளர் ஆனது. சாப்பாடு மட்டும், கொடுத்தால் சாப்பிடுவார், கேட்க மாட்டார். நயினார் அதற்கே கோயிலில் விளக்கு ஏற்றச் சொன்னார்.

ஐந்தாவது வாரத்தில் ஒரு சாயந்திரம் கேரியர் வருகிற நேரத்துக்கு அக்காவே கேரியரைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார். வெயில் இன்னும் இருந்தது. பின்கட்டில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, தம்பிக்குப் பரிமாறி, தனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டார். நயினாருக்கு ரத்தக் கொதிப்பு. நாலு வருஷமாக அவர் வீட்டுச் சமையலில் உப்பைப் பாதிக்கு மேல் குறைத்திருந்தார்கள். அக்கா ஒரு வாய் வைத்தார், முகத்தைச் சுளித்தார், தட்டை விட்டு நிமிர்ந்தார். அந்த வீட்டில் இரண்டு வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இந்தக் குறையை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார். நயினார் எழுந்து அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் போனார். உப்புத் தேடத்தான் போகிறார் என்று நினைத்தேன், போய்ப் பார்த்தால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஒன்பது மாதம் கழித்து டாக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிற வரைக்கும் அக்கா ஒரு நாளும் தவறாமல் ஐந்து மணிக்கு மாத்திரை சாப்பிட்டார். அதற்குப் பிறகும் நல்ல சுகத்தோடு இருந்தார். ரஹீம் பாய்க்கும், அந்த டாக்டருக்கும், நயினாருக்கும், வாயைக் காயவைத்த அந்தச் சின்ன மாத்திரைக்கும் நான் நன்றி சொல்லாத நாள் இல்லை. ஆனால் எனக்கு வாழ்நாளுக்குப் போதுமான வார்த்தையை அன்றைக்கு அக்காதான் சொன்னார், என்னிடம்கூட இல்லை, பெட்டிகளுக்குப் பின்னால் நின்ற தம்பியிடம்: "இன்னாடா இது, உப்பும் இல்ல ஒறப்பும் இல்ல. நாளைக்கு நானே ஆக்கிக் கொண்டாறேன், போ."

மருந்தைப் பற்றிப் பத்துப் புத்தகம் படித்திருந்தாலும், எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்று கேட்கத் தெரியாதவன் கையில் கத்தரிக்கோலைக் கொடுக்கக் கூடாது.